சாய்ந்து நிற்கும் ஸ்பிரிங்

உங்கள் வீட்டு மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்துக்கு இருபுறமும் உள்ள ஷாக் அப்சார்பர்களை என்றேனும் நின்று கவனித்திருக்கிறீர்களா? பெரும்பாலான வண்டிகளில் அவை நேராக நில்லாமல், மேல்முனை சற்றே முன்னோக்கிச் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வு அழகுக்காக வைக்கப்பட்டதன்று. வண்டியின் எடை, அமர்வோரின் எடை, சக்கரம் மேலெழும் தூரம் ஆகியவற்றைக் கணக்கிட்டு அமைக்கப்பட்டது.

கலைப்பட்டம் பெற்று மதரஸாவில் பாடம் சொல்பவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். என் தங்கை மகன் பழைய புல்லட் ஒன்றை வாங்கினான். சேஸிஸில் புதிய பட்டை வைத்து வெல்டிங் செய்து, ஷாக் அப்சார்பரை நன்றாகச் சாய்த்து மாட்டினால் பந்தய வண்டி போல் தோன்றும் என்று யாரோ அவனுக்கு ஆசை காட்டிவிட்டார்கள். அதே வண்டியின் பின்னிருக்கையில்தான் முதுகுத்தண்டு வலியுள்ள என் தங்கை மாதந்தோறும் மருத்துவரிடம் போய் வருகிறாள். ஆகவே நான் படிக்க வேண்டியதாயிற்று.

பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்முக்குச் செங்குத்தாக ஸ்பிரிங் நின்றால் அதன் வலிமை முழுவதும் சக்கரத்துக்குக் கிடைக்கும். சாய்த்துவிட்டால் இரண்டு இழப்புகள் நேரும். சக்கரம் ஓர் அங்குலம் எழும்போது ஸ்பிரிங் ஓர் அங்குலம் சுருங்குவதில்லை. சுருங்கிய அளவுக்குரிய விசையும் கோணலாகவே சக்கரத்தை வந்தடைகிறது. இழப்போடு இழப்பு பெருகுவதால், 10 டிகிரி சாய்வில் நூற்றுக்கு 97 பங்கு மிஞ்சும் வலிமை, 30 டிகிரியில் 75 ஆகி, 45 டிகிரியில் பாதியாகிவிடுகிறது. ஷாக் அப்சார்பரின் உள்ளிருக்கும் எண்ணெய் தரும் தடுப்பும் இதே கணக்கில் குறையும். மேல் போல்ட்டும் வெல்டிங் பட்டையுமோ, அதே பாரத்தைத் தாங்க 45 டிகிரியில் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விசையைச் சுமக்க வேண்டும்.

பந்தயக்காரர்கள் சாய்த்தது உண்மைதான். 1970-களின் நடுவில் மோட்டோகிராஸ் வண்டிகளில், குறிப்பாக ஜெர்மனியின் மாய்கோ வண்டிகளில், சக்கரம் அதிக உயரம் எழ வேண்டுமென்று ஷாக் அப்சார்பர்களை முன்னே தள்ளிச் சாய்த்தார்கள். ஆனால் அதற்கேற்ற கடினமான ஸ்பிரிங்கும் வலுவான தடுப்பும் அவர்களுக்குத் தேவைப்பட்டன. நம் தெருவில் சாய்வை மட்டும் கடன் வாங்குகிறார்கள்!

"அட்ஜஸ்டரைத் திருகி இறுக்கிவிட்டால் சரியாகிவிடாதா, மாமா?" என்றான் பையன். பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். அந்த வளையம் ஸ்பிரிங்கை முன்கூட்டிச் சிறிது அழுத்தி வைத்து, வண்டி நிற்கும் உயரத்தை மாற்றும், அவ்வளவே. ஸ்பிரிங்கின் கடினத்தை அது கூட்டாது. இருவர் அமர்ந்து பள்ளத்தில் இறங்கும்போது ஷாக் அப்சார்பர் அடிவரை சென்று முட்டினால், மிஞ்சிய அடி பின்னிருக்கையில் இருப்பவரின் முதுகுக்குத்தான். இதைக் கேட்டபின் அவன் பந்தய வண்டியைப் பற்றிப் பேசவில்லை. "உம்மாவுக்கு நோகாமல் இருக்க என்ன செய்யலாம்?" என்று கேட்டான்.

சாய்வைத் தொடவே வேண்டாம் என்றேன். வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றி, பின்சக்கரம் அந்தரத்தில் தொங்கும் நிலையில், அச்சிலிருந்து இருக்கைக்கு அடியில் குறித்த ஓரிடம் வரை அளந்தோம். பிறகு வண்டியை இறக்கி, அவனும் அவன் தாயும் அமர்ந்தபின் மறுபடி அளந்தோம். சக்கரம் மேலெழக்கூடிய மொத்தத் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கினால் போதும்; எங்கள் அளவு பாதியைத் தாண்டியது. குனிந்து பார்த்தால் இடப்புற அட்ஜஸ்டர் முதற்படியிலும் வலப்புறத்தது மூன்றாம் படியிலும் இருந்தன! ரப்பர் புஷ்கள் தேய்ந்து, ஒரு பக்கம் எண்ணெய் கசிந்திருந்தது. ஒன்றை மட்டும் மாற்றினால் இரண்டும் ஒத்துழைக்காது என்பதால், வெல்டிங்குக்கென்று அவன் சேர்த்திருந்த பணத்தில் ஒரு ஜோடி புதிதாக வாங்கி, பழைய துளைகளிலேயே மாட்டி, இரு அட்ஜஸ்டர்களையும் ஒரே படியில் வைத்தோம்.

இத்தனைக்கும் என் தங்கை, ஏறு என்றால் ஏறி, இறங்கு என்றால் இறங்கி, அரைமணி நேரம் பொறுமையாக இருந்தாள். பின்பாரத்தில் முன்விளக்கின் ஒளி மேலேறி எதிரே வருவோரின் கண்ணில் அடிக்கிறதா என்பதை மட்டும் இருட்டிய பிறகு பார்க்க வேண்டியிருந்தது. மக்ரிப் தொழுதுவிட்டு வந்து, மறுபடியும் அவளைப் பின்னிருக்கையில் ஏறச் சொன்னோம்.