பாட்டி கேட்ட ஒரு பாட்டில் ஊற்றுத் தண்ணீர்... விரிஞ்சிபுரம் பாலாற்றில் ஒரு நாள்!

"விரிஞ்சிபுரம் போறியா? ஆத்துல ஊத்துத் தண்ணி ஒரு பாட்டில் எடுத்துட்டு வா!"

கிளம்பும்போது பாட்டி கேட்டது இவ்வளவுதான். சின்ன வயதில் அங்கே மணலைக் கையால் தோண்டி, ஊறி வந்த தண்ணீரைக் கொட்டாங்குச்சியில் மொண்டு குடித்தவர் அவர்.

வேலூரிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் சுமார் 15 கிலோமீட்டர் தூரம். சேதுவாலையில் திரும்பினால் விரிஞ்சிபுரம். முதலில் மார்க்கபந்தீஸ்வரர் கோயிலுக்குப் போனேன். வழித்துணைநாதர் என்றும் சுவாமிக்குப் பெயர் உண்டு. இங்குள்ள சிம்ம தீர்த்தத்தைப் பார்க்கத் தவறாதீர்கள். சிங்க முகத்தோடு கட்டிய கிணறு இது. கார்த்திகை கடைசி ஞாயிறையொட்டி, குழந்தை வரம் வேண்டி வரும் பெண்கள் இதில் நீராடுவார்கள்.

அங்கிருந்து ஆற்றுக்கு நடந்தேன். கரையில் தென்னை நிழல். எதிரே அகலமான மணல்வெளி, ஆங்காங்கே முட்புதர். தண்ணீர் மட்டும் கண்ணில் படவில்லை.

கர்நாடகாவின் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, ஆந்திரா வழியாகத் தமிழ்நாட்டுக்கு வரும் பாலாற்றின் மொத்த நீளம் 348 கிலோமீட்டர். 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டுப் பாய்ந்த ஆறுதான். ஆனால், வருடத்தின் பெரும்பாலான நாள்கள் மேலே வறண்டுதான் கிடக்கும். பெய்த மழையை மணல் உறிஞ்சி அடியில் வைத்துக்கொள்ளும். தோண்டினால் ஊற்று. அதிலிருந்து கால்வாய் வெட்டி வயலுக்கும் பாய்ச்சினார்கள். மணலை அள்ள அள்ள, அந்தத் தண்ணீர் தங்க இடமில்லாமல் போனது.

ஓரிடத்தில் மணல் ஈரமாக இருந்தது. உட்கார்ந்து தோண்டினேன். முழங்கை ஆழத்தில் மெல்லக் கசிந்தது தண்ணீர்! பாட்டிலை எடுத்தபோது, மாடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் குரல் கொடுத்தார்.

"இன்னாம்மா, குடிக்கவா? கால் வேணா கழுவிக்கோ. குடிக்காத."

காரணம் கேட்கத் தேவையில்லை. ஆற்றின் மேல்பக்கம் ஆம்பூரும் வாணியம்பாடியும். அங்கிருந்த தோல் தொழிற்சாலைக் கழிவு தொடர்பான வழக்கில், மாசுபடுத்துபவரே இழப்பீடு தர வேண்டும் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கரையோர மக்களுக்கு இன்னும் பயம் போகவில்லை.

காலி பாட்டிலோடு வீடு திரும்பினேன். போனில் எடுத்த படத்தைக் காட்டினேன். பாட்டி அதை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"ஊறுதுதானே?"

"ஊறுது பாட்டி."

"அப்போ அடுத்த தடவை என்னையும் கூட்டிட்டுப் போ!"