வளைவு என்று ஓர் ஊர்
(ஆரிகன் பயணம் – 4)

போன வாரம் டெஷூட்ஸ் ஆற்றங்கரையில் நிறுத்தியிருந்தேன். இந்த ஆறு திரும்பும் ஓரிடத்துக்கு, மாட்டுவண்டி பூட்டி மேற்கே வந்த குடியேறிகள் ‘ஃபேர்வெல் பெண்ட்’ என்று பெயர் வைத்தார்கள். விடைபெறும் வளைவு. நாளடைவில் விடை போய் வளைவு மட்டும் தங்கிவிட, ஊர் ‘பெண்ட்’ ஆனது. அந்த ஊரில், ஒரு வளைவில், நான் விழுந்து எழுந்த கதை இது.

மணி வாடகைக்கு சைக்கிள் எடுத்துக் குரங்கு பெடல் போட்டவன் நான். இங்கே நாள் வாடகை. கடைப் பெண் என் எடையைக் கேட்டாள். பிறகு டயரிலிருந்து காற்றை இறக்கத் தொடங்கினாள். பதறிவிட்டேன். நம்மூரில் டயரை அமுக்கிப் பார்த்தால் கல்லு மாதிரி இருக்க வேண்டும். இவளோ கட்டைவிரல் லேசாக அழுந்தும் பதத்தில், 24 பிஎஸ்ஐயில் நிறுத்தினாள். “தார் ரோடு இல்லையே. டயர் மண்ணைப் பிடிக்கணும்” என்றாள். கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னாள்: “பிரேக்கை வளைவுக்கு முன்னாடியே பிடிச்சு முடிச்சிடுங்க. வளைவுக்குள்ள வேண்டாம்.” பெரிதாகத் தலையாட்டினேன்.

ஊரின் மேற்கு விளிம்பு தாண்டியதும் காடு. பென்ஸ் டிரெயிலில் ஏறி ஃபில்ஸ் டிரெயிலில் இறங்கினால் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் சுற்று. பல இடங்களில் பாதை ஹேண்டில்பார் அகலம்கூட இல்லை. ஒற்றையடிப் பாதை என்றால் நமக்கு, ஆள் நடந்து நடந்து தானாக விழுந்த தடம். இது தன்னார்வலர்கள் மண்வெட்டி பிடித்துப் பராமரிக்கும் தடம். யாரும் குறுக்கே புகுந்து அகலப்படுத்திவிடாதபடி திருப்பங்களின் உள்பக்கம் ஒரு கட்டையோ பாறையோ கிடந்தது.

ஏற்றத்தில் மூச்சு வாங்க, ஒரு மரத்தடியில் நின்றேன். பாண்டரோசா பைன். இளம் மரங்களுக்குக் கருத்த பட்டை. வயது நூறைத் தாண்டும்போதுதான் ஆரஞ்சு நிறம் ஏறும். சுற்றிலும் கருப்பாக நிற்க, இது ஒன்று மட்டும் ஆரஞ்சு. வெயிலேறிய பட்டையின் வெடிப்பில் மூக்கை வைத்தேன். வெனிலா ஐஸ்கிரீம் வாசம்! அடிமரத்தில் பழைய தீயின் கரி. தரையோடு ஓடும் தீயைத் தடித்த பட்டை தாங்கிக்கொள்ளும். கீழ்க்கிளைகளை மரமே உதிர்த்துவிடுவதால் தீ உச்சிக்குத் தொற்ற ஏணி இல்லை. ரம்பத்துக்குத்தான் அதனிடம் பதில் இல்லை. 1916இல் இரண்டு பெரிய மர அறுவை ஆலைகள் பெண்டில் ஓடத் தொடங்கின. சுற்றுவட்டாரத்துப் பெரியவர்கள் பலகையாகிப் போனார்கள். இந்தக் கருப்புக் கூட்டம் அவர்களுக்குப் பின் வந்த தலைமுறை.

இறக்கம். சீட்டைத் தாழ்த்திவிட்டு, பெடல் மேல் எழுந்து நின்றேன். சக்கரத்தின் கீழே திருநீறு போல மண். சுமார் 7,700 ஆண்டுகளுக்கு முன் தெற்கே மசாமா எரிமலை வெடித்தபோது இந்த வட்டாரமெங்கும் சாம்பலும் நுரைக்கல்லும் கொட்டின. மழை பெய்த மறுநாள் அந்த மண் டயரை இறுகப் பிடிக்கும். ‘ஹீரோ டர்ட்’ என்று சைக்கிள்காரர்கள் கொண்டாடுவார்கள். நான் போனதோ கோடையின் கடைசி வாரம். வேகம் இனித்தது. இடப்பக்கம் ஒரு திருப்பம். நேர் எதிரே ஒரு மரம். தலையாட்டியது மறந்து கை தானாக பிரேக்கை இறுக்கியது. முன்சக்கரம் உருள்வதை விட்டு வழுக்கியது. அடுத்த நொடி மசாமாவின் மேல் படுத்திருந்தேன். முழங்கையில் சிராய்ப்பு, வாயெல்லாம் எரிமலை.

அதன் பிறகு ஒவ்வொரு திருப்பத்துக்கும் முன்பே வேகத்தைக் குறைத்து, உள்ளே நுழைந்ததும் விரல்களைத் தளர்த்திப் பார்த்தேன். சைக்கிள் தன்பாட்டுக்குத் திரும்பியது.

சைக்கிளை ஒப்படைத்தபோது அந்தப் பெண் என் முழங்கையைத்தான் முதலில் பார்த்தாள். விழுந்தீர்களா என்று கேட்கவில்லை.

“எந்த வளைவு?” என்றாள்.

(அடுத்த வாரம்: மசாமா விட்டுச்சென்ற பள்ளத்தில் ஓர் ஏரி)