வேலிதான் மேய்க்கிறது

"படிக்கலைன்னா மாடு மேய்க்கத்தான் போவே" என்று திட்டு வாங்காமல் பள்ளிக்கூடம் முடித்தவர்கள் கொங்குப் பக்கம் குறைவு. நானும் வாங்கியிருக்கிறேன். பயந்து படித்து, இன்ஜினியரிங் முடித்து, இப்போது பெங்களூரில் கம்ப்யூட்டர் மேய்க்கிறேன். சித்தப்பா மகன் ஊரிலேயே தங்கிவிட்டான். 28 வயது, விவசாயம். ஆனாலும் அந்தத் திட்டுக்கு என்னைவிட அவன்தான் அதிகம் பயந்திருக்கிறான்.

மூலனூர் பக்கம் எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக 5 ஏக்கர் கொரங்காடு இருக்கிறது. காங்கயம், தாராபுரம் வட்டாரத்து மானாவாரி மேய்ச்சல் நிலத்துக்கு அதுதான் பெயர். தரையில் கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி. காங்கயம் மாட்டையும் மேச்சேரிச் செம்மறியையும் காலையில் உள்ளே விட்டுப் படலைச் சாத்தினால் போதும். புல் குறைந்தால் அடுத்த காட்டுக்கு மாற்ற வேண்டும், அவ்வளவுதான். கோல் பிடித்துப் பின்னால் அலைய ஆள் வேண்டாம். வேலிதான் மேய்க்கிறது.

தம்பி இதை உழுது, போர் போட்டு, கோ-4 தீவனப்புல் நடலாம் என்கிறான். கலப்பின மாடு ஆறு கட்டுவது திட்டம். விடிகாலையில் கறவை, பிறகு புல் அறுப்பு, சாணி வழிப்பு, சாயங்காலம் மறுபடி கறவை.

"இதுக்கு அது சுலபமாச்சேடா?"

"சுலபந்தானுங்ணா. ஆனா பொண்ணு வீட்ல பால் பண்ணை வெச்சிருக்கேன்னு சொல்லலாம். மாடு மேய்க்கறேன்னு சொல்ல முடியுங்களா?"

அவன் கணக்கும் பொய்யில்லை. காங்கயம் பசு கன்றுக்குப் போக நாளுக்கு 2 லிட்டர் கொடுத்தாலே பெரிது. கலப்பினம் பத்தைத் தாண்டும். ஆனால் கொரங்காடு மழையோடு சரி. தீவனப்புல்லுக்கு விடாமல் தண்ணீர் வேண்டும். அந்தப் பக்கம் 1000 அடி இறக்கியும் புழுதி மட்டும் பறந்த போர்கள் உண்டு.

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காகக் கோவை வ.உ.சி. மைதானத்தில் உட்கார்ந்திருந்தவன் இவன். இன்றும் இவன் வாட்ஸ்அப் படம் காங்கயம் காளைதான். அந்தப் பெருமை நடிப்பில்லை. ஆனால் காளை தின்கிற புல்லுக்கும், அதைப் பார்த்துக்கொள்கிற ஆளுக்கும் அதில் பங்கு கிடைக்கவில்லை.

மாட்டுக் கடனுக்கு நிலத்தை வைக்க என் கையெழுத்தும் வேண்டும். மாசச் சம்பளக்காரன் நான், 'வேலியைத் தொடாதே' என்று சொல்வது சுலபம், நஷ்டம் அவனுக்கு. 2 ஏக்கரில் மட்டும் புல் நட்டுப் பார், 3 ஏக்கர் அப்படியே கிடக்கட்டும் என்றேன். பிடுங்கிய கிளுவை மறுபடி வேலியாக அடைய வருஷக்கணக்காகும்.

"யோசிக்கறேனுங்ணா" என்றான். போர் வண்டிக்கு இன்னும் சொல்லவில்லை.