எண்பது காசும் இரண்டு வெள்ளியும்

ஞாயிற்றுக்கிழமை. பங்சார் தெலாவி சாலையில் இரவுச் சந்தை. இடியப்பக் கடை மேசைக்குப் பின்னால், நீலப் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு பையன். ஐந்தாம் ஆண்டு இருக்கும். மடியில் கணிதப் பயிற்சிப் புத்தகம். நாளைக்கு ஆசிரியரிடம் காட்டவேண்டும் போல.

'80 சென்னுக்கும் 2 ரிங்கிட்டுக்கும் உள்ள விகிதத்தை எளிய வடிவில் எழுதுக.'

யோசிக்கவே இல்லை. 80:2 என்று எழுதி, இரண்டால் வகுத்து, 40:1 என்று முடித்து, அடியில் இரட்டைக் கோடும் இழுத்துவிட்டான். வகுத்தல் சுத்தம். விடைதான் தப்பு.

அம்மா தேங்காய்ப்பூவும் நாட்டுச் சர்க்கரையும் வைத்துப் பொட்டலம் மடித்தபடி எட்டிப் பார்த்தாள்.

"உங்கிட்ட எம்பது காசு, எங்கிட்ட ரெண்டு வெள்ளி. யாருகிட்ட கூட?"

"ஒங்ககிட்டதாம்மா."

"அப்புறம் எப்படிடா ஒனக்கு நாப்பது, எனக்கு ஒண்ணு?"

பென்சில் நின்றது. புத்தகத்துக்குத்தான் சென்னும் ரிங்கிட்டும். கடையில் எல்லாம் காசும் வெள்ளியும்தான்.

அவள் சில்லறை டப்பாவை இழுத்தாள். நான்கு இருபது காசுகள் மேலே, நான்கு ஐம்பது காசுகள் கீழே. எல்லாமே மஞ்சள் நாணயங்கள். ஐம்பது சற்றுப் பெரிது. "இது எம்பது. இது ரெண்டு வெள்ளி, எரநூறு காசு." அதற்குள் யாரோ நான்கு பொட்டலம் கேட்க, திரும்பிக்கொண்டாள்.

80:2-ஐ அழித்து 80:200 என்று எழுதினான். மேலே இரண்டு, கீழே இரண்டு காசுகளை நகர்த்தினான். 40:100. மறுபடி ஒன்று, ஒன்று. 20:50. இனி நகர்த்த வழியில்லை. மிஞ்சிய இரண்டு காசுகளையும் உற்றுப் பார்த்தான். அப்புறம் இரண்டு பக்கமும் பூஜ்யத்தை அடித்தான். 2:5. இரண்டையும் வகுக்கும் ஆகப் பெரிய எண் 40; அதைப் பிடித்திருந்தால் ஒரே வரியில் முடிந்திருக்கும். எனக்கென்னவோ இவன் படிப்படியாக இறங்கியதுதான் பிடித்தது. சுருக்குவது இந்த ஊருக்குப் புதிதுமில்லை: புங்கே-கிரிசார் ரப்பர் தோட்டத்தின் பெயர் தேய்ந்துதான் பங்சார் ஆனது என்பார்கள்.

அடுத்த கணக்கு, 750 கிராம் சீனியும் 2 கிலோ மாவும். பென்சில் முதலில் எழுதியது 2000.

எட்டு நாணயங்களும் டப்பாவுக்குத் திரும்பின. எனக்கு வந்த மீதியில் இரண்டு ஐம்பது காசுகள் இருந்தன.