கூடத்தில் ஒரு திரை

1987-ஆம் ஆண்டு ஜனவரி 25, ஞாயிற்றுக்கிழமை. தூர்தர்ஷனில் ராமானந்த் சாகரின் ‘ராமாயணம்’ தொடங்கியது. கும்பகோணத்தில் ஒரு தெருவுக்கே அன்று ஒரு தொலைக்காட்சிப் பெட்டிதான். வாரந்தோறும் அவ்வீட்டு அம்மையார் நீராடிப் பெட்டிக்குப் பூச்சரம் சாத்துவார். அக்கம்பக்கத்தார் கூடம் நிறைய அமர்வர். வசனம் இந்தியாயினும் கதை யாவரும் அறிந்ததே. மின்சாரம் நின்றால் அவ்வாரப் பகுதி போனது போனதுதான். விட்ட கதையை அம்மையாரே சொல்லி முடிப்பார்.

இன்று எண்பதைக் கடந்த அவருக்கு மகன் மடிக்கணினி வாங்கித் தந்திருக்கிறார். அதே தொடரை வேண்டிய நேரத்தில் காணலாம், நிறுத்தலாம், மீண்டும் பார்க்கலாம். முழங்கால் வலியால் கோயிலுக்குச் செல்ல இயலாதவருக்கு உபன்னியாசமும் உற்சவமும் அறைக்கே வந்துவிடுகின்றன. இது சிறிய பேறன்று. ஆயினும் கூடத்துத் தொலைக்காட்சி ஓய்ந்து கிடக்கிறது. பேரன் தன் அறையில், தன் கணினியின்முன், காதில் கருவியோடு இருக்கிறான். பாட்டியின் கதை அவன் செவிக்கு எட்டுவதில்லை.

2020 மார்ச் இறுதியில், ஊரடங்கின்போது, தூர்தர்ஷன் அத்தொடரை மறுஒளிபரப்புச் செய்தது. அவ்வீட்டார் குறித்த வேளைக்குக் காத்திருந்து ஒன்றாக அமர்ந்தனர். ஊரடங்கு நீங்கியதும் அவரவர் அறைக்குத் திரும்பினர்.

கருவியைக் குறை கூறிப் பயனில்லை. கணினியைக் கூடத்துப் பெரிய திரையோடு இணைக்கப் பேரன் அறிவான். வாரம் ஒரு வேளை அவனை அழைத்தால் போதும். இடையில் படத்தை நிறுத்தி, “இவர் யார், பாட்டி?” என்று அவன் கேட்கவும் கூடும். அன்று மின்சாரம் நின்றபோது கிடைத்த வாய்ப்பும் அதுவே.