காற்றுக்குக் காத்திருப்பவர்கள்

மலேசியாவின் லங்காவித் தீவுக்குப் போகிற நம்மவர்கள் குவாவில் கழுகுச் சிலையருகே படம் எடுத்துக்கொள்வார்கள், சாக்லெட் வாங்குவார்கள், மச்சின்சாங் மலைக்குக் கேபிள் காரில் ஏறி இறங்கித் திரும்பிவிடுவார்கள். அந்த மலையடியில்தான் தெலாகா துறை இருக்கிறது. மேலிருந்து பார்த்தால் வெள்ளை வெள்ளையாகப் பாய்மரப் படகுகள் தெரியும். அவற்றில் பல, குடும்பம் நடக்கும் வீடுகள். 40 அடிப் படகில் கணவனும் மனைவியுமாக இரண்டே பேர் ஆண்டுக்கணக்கில் கடல் கடலாகப் போய்க்கொண்டிருப்பார்கள்.

துறையில் வேலை செய்யும் தம்பி ஒருவர்தான் என்னை அழைத்தார். “அக்கா, சாயங்காலம் படகுக்காரங்க எல்லாம் கரையில கூடுறாங்க. நீங்களும் வாங்க. ஆளுக்கு ஒரு சாப்பாடு செஞ்சு எடுத்துட்டுப் போகணும், தட்டும் நம்மதான்.” நான் புளியோதரை கிளறிக்கொண்டு போனேன்.

வெயில் தாழ்ந்ததும் சின்னச் சின்ன ரப்பர் படகுகளில் ஒவ்வொருவராக வந்து இறங்கினார்கள். யாரும் குடும்பப் பெயரைச் சொல்லவில்லை; படகின் பெயரைத்தான் சொன்னார்கள். ஒருவரையொருவர் அதுவரை வி.எச்.எஃப். ரேடியோவில் குரலாக மட்டுமே அறிந்தவர்கள், முகம் பார்த்ததும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

ஜனவரியில் இவர்கள் இங்கே சேர்வதற்குக் காரணம் வடகிழக்குப் பருவக்காற்று. அது சீராக வீசும் மாதங்களில் பாயை விரித்தால் இலங்கையின் காலித் துறைமுகத்துக்குப் போய்விடலாம்; தூரம் சுமார் 1,150 கடல் மைல். மணிக்கு 5 கடல் மைல் வேகத்தில் பத்து நாள் ஓட்டம். லங்காவி கெடா மாநிலத்தைச் சேர்ந்தது. கெடாதான் கடாரம். அந்தக் காலத்தில் இந்தக் கரையிலிருந்து நம் வணிகர்கள் ஊர் திரும்பியதும் இதே காற்றை நம்பித்தான். 1987 முதல் தீர்வையற்ற தீவு என்பதால், நீண்ட பயணத்துக்கு முன் சாமான் நிரப்பிக்கொள்ளவும் லங்காவி வசதி.

சாப்பாட்டு மேசையைவிட எனக்குப் பிடித்தது பக்கத்து மேசை. ஒரு முதியவர் அதில் கடல் வரைபடத்தை விரித்து, நான்கு மூலையிலும் பானப் புட்டிகளை வைத்திருந்தார். முதன்முறை கடக்கப் போகும் இளம் தம்பதி எதிரே உட்கார்ந்திருந்தார்கள். அவர் பென்சில் முனை இலங்கையின் தென்கோடியில், தேவேந்திரமுனையில் நின்றது. ஐரோப்பாவுக்கும் கிழக்காசியாவுக்கும் இடையே ஓடும் பெருங்கப்பல்கள் அங்கே கரைக்கு மிக அருகில் வரிசையாகப் போகும். மீன்பிடிப் படகுகளும் அதே நீரில்தான். “இரவில் இந்த முனையைத் தாண்டாதே, பகலில் தாண்டும்படி கணக்குப் போட்டுக்கொள்” என்றார். வலை ப்ரொப்பல்லரில் சுற்றிக்கொண்டால் முதலில் இயந்திரத்தை நிறுத்து, பிறகுதான் கத்தியோடு இறங்கு என்றார். மீனவர் படகு வேகமாக நெருங்கினால் பயப்படாதே, பெரும்பாலும் மீன் கொடுத்துச் சிகரெட் கேட்கத்தான் வருவார்கள் என்றார். அந்தப் பெண் எல்லாவற்றையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டாள்.

இதற்கு அவர் காசு வாங்கவில்லை. கடலில் ஒருவர் பட்டுத் தெரிந்துகொண்டது அடுத்தவர் உயிரைக் காக்கும் என்பதால் இவர்களில் யாரும் எதையும் ஒளிப்பதில்லை. இதை விருந்து என்று சொன்னால் பாதிதான் உண்மை. என் கண்ணுக்கு அது ஒரு பள்ளிக்கூடம்.

என் புளியோதரைக்கும் அங்கே ஒரு வேலை இருந்தது. பயணத்தின் முதல் மூன்று நாள் உடம்பு அலைக்குப் பழகாது, அடுப்பருகே நிற்க முடியாது. அதனால் முன்கூட்டியே சமைத்து வைப்பார்களாம். புளிக்காய்ச்சல் குளிர்சாதனப் பெட்டி இல்லாமலே நாள்கணக்கில் கெடாது என்றதும் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். நல்லெண்ணெய் மேலே மிதக்க வேண்டும், ஈரக் கரண்டி படக்கூடாது என்று சொன்னேன். பதிலுக்கு ஒரு பாட்டி, முட்டைக்கு வாசலின் தடவி வைத்தால் வாரக்கணக்கில் தாங்கும் என்று சொல்லித் தந்தார். ஏறக்குறைய எல்லாரிடமும் பிரஷர் குக்கர் இருந்தது: எரிவாயு மிச்சம், படகு சாய்ந்தாலும் மூடி கழலாது.

இருட்டிய பிறகு பேச்சு, காலிக்கு அப்பால் மேற்கே போகும் வழியான செங்கடலுக்குத் திரும்பியது, குரல்களும் கனத்தன. 2011 பிப்ரவரியில் சோமாலியக் கொள்ளையர் பிடித்த பாய்மரப் படகில் 4 அமெரிக்கர் கொல்லப்பட்டதை யாரும் மறக்கவில்லை. அந்த ஆபத்து தணிந்து வழி திறந்தது என்றிருக்கையில், 2023 நவம்பரிலிருந்து கப்பல்கள் மீது யேமனின் ஹூதிகளின் தாக்குதல். சுற்றிக்கொண்டு ஆப்பிரிக்காவின் தென்முனை வழியாகப் போகலாம். ஆனால் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை சூறாவளிக் காலம். இப்போதே கிளம்ப முடியாது. ஒரு தம்பதி இன்னும் ஓராண்டு இங்கேயே இருந்துவிட முடிவு செய்திருந்தார்கள். யாரும் அவர்களைக் கோழை என்று நினைக்கவில்லை. கடலில் காத்திருக்கத் தெரிந்தவர்தான் தேர்ந்த மாலுமி என்பதை அங்கேதான் உணர்ந்தேன்.

கடாரம், கலம் என்று மேடைதோறும் பேசும் நாம், இன்றும் அதே காற்றைக் கணித்துப் பாய் விரிக்கிறவர்களைக் கண்டுகொள்ளாமல் கேபிள் காரில் கடந்துபோவது எனக்கு வருத்தம். அடுத்த முறை லங்காவி போனால் பிள்ளைகளோடு ஒரு மாலை தெலாகாவுக்குப் போய்வாருங்கள். கேட்டால் முகம் சுளிக்காமல் சொல்லித் தருவார்கள். ஜனவரியில் போவது நல்லது. மார்ச் முடிவதற்குள் மேற்கே போகிறவர்கள் பெரும்பாலும் கிளம்பிவிடுவார்கள்.