கூழ் வத்தல் மாதத்தில் ஒரு புயல்

திருச்சியில் எங்கள் புத்தூருக்குக் கடல் கிடையாது. அலையைப் பார்க்க நாகப்பட்டினம் வரை போக வேண்டும்; ஏறத்தாழ 140 கிலோமீட்டர். எங்களுக்கு வாய்த்த தண்ணீர் உய்யக்கொண்டான் வாய்க்கால்தான். ஆனாலும் ராத்திரி பதினோரு மணிக்கு வங்கக் கடலின் செயற்கைக்கோள் படத்தைச் செல்போனில் விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். 1977 நவம்பர்ப் புயல் திருச்சிக்குள் வெள்ளத்தைக் கொண்டுவந்த கதையைக் கேட்டு வளர்ந்ததால் வந்த வியாதியோ என்னவோ.

ஐப்பசி, கார்த்திகையில் எல்லோரும்தான் பார்க்கிறார்கள். "கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை, கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை" என்று ஊர் குடையை மடக்கிய பிறகு, கடலில் ஏதாவது சுழல்கிறதா என்று தேடுவதில்தான் எனக்கு ருசி. பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும். தை, மாசியில் கடலின் சூடு தணிந்திருக்கும். மேகக் கூட்டம் நிலநடுக்கோட்டுப் பக்கம் இறங்கியிருக்கும். அங்கே பூமி சுழல்வதால் கிடைக்கும் திருகல் மிகக் குறைவு. அதையும் மீறி ஒன்று எழுந்தால், கீழே ஒரு திசையிலும் மேலே வேறு திசையிலும் வீசும் காற்று அதன் தலையைத் தனியே பிய்த்துக்கொண்டு போய்விடும்.

2022 மார்ச்சில் அப்படி ஒன்று எழுந்தது. 3ஆம் தேதி காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். மறுநாள் ஆழ்ந்த தாழ்வு மண்டலம். நம் கரையை நோக்கி வந்துகொண்டிருந்தது. மாசி மாதத்தில்! எனக்குத் தூக்கம் போயிற்று. காற்று மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால் புயல் என்று பெயர் சூட்டுவார்கள். 'அசனி' என்று இலங்கை கொடுத்த பெயர் தயாராகக் காத்திருந்தது. தமிழில் அந்தச் சொல்லுக்கு இடி என்று பொருள்.

அம்மா கேட்டாள்: "ஏண்டா, நாளைக்கு வத்தலுக்குக் கூழ் கிண்டலாமா?"

"வேண்டாம்மா, புயல் வருது."

ஊற வைத்த அரிசி வீணாயிற்று. வறண்ட காற்று புகுந்து, 6ஆம் தேதிக்குள் அந்தச் சுழல் கடலிலேயே கரைந்தது. எங்கள் மொட்டை மாடியில் நல்ல வெயில். அதே மாதம் அந்தமான் பக்கம் இன்னொன்று கிளம்பியது. அதுவும் பெயர் வாங்காமல் மியான்மர் பக்கம் போய்ச் சேர்ந்தது. மே மாதம்தான் அசனிக்கு ஆள் கிடைத்தது. அது ஆந்திரக் கரைக்குப் போய் அடங்கியது. அதற்குள் என் பேச்சுக்கு வீட்டில் இருந்த மதிப்பு போயே போயிற்று. "உன் புயல் வந்துச்சா?" என்று கூழ் வத்தல் பொரிக்கும்போதெல்லாம் கேட்டார்கள்.

அந்தச் சூடு ஆறாமல்தான் மறு வருடத்தைச் சந்தித்தேன். 2023 ஜனவரிக் கடைசியில் தென்மேற்கு வங்கக் கடலில் ஒரு தாழ்வு மண்டலம். திருவாரூர்ப் பக்கத்திலிருந்து சித்தப்பா போன் செய்தார். சம்பா அறுப்புக்கு நின்றிருந்தது.

"தம்பி, உன் செல்லுல என்ன காட்டுது? ஆள் சொல்லலாமா, நாலு நாள் பொறுக்கலாமா?"

"வெறும் தாழ்வு மண்டலம்தான் சித்தப்பா. புயலா மாறாது. இலங்கைப் பக்கம் ஏறிடும்."

நான் சொன்னதில் எழுத்துப் பிசகில்லை. அது புயலாக மாறவில்லை, பெயரும் வாங்கவில்லை, இலங்கையின் கிழக்குக் கரையில்தான் ஏறியது. ஆனால் மழை டெல்டாவில் கொட்டியது. நாகை, திருவாரூர், தஞ்சைப் பக்கம் முற்றிய கதிரெல்லாம் சாய்ந்து தண்ணீரில் படுத்தது. சில வயல்களில் நெல் முளைவிட்டது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதத்துக்கு மேல் போனால் எடுக்க மாட்டார்கள். தளர்த்தச் சொல்லி டெல்லிக்குக் கடிதம் போயிற்று. 33 சதமும் அதற்கு மேலும் சேதமான பயிருக்கு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது.

நான் பார்த்துக்கொண்டிருந்தது காற்றின் வேகத்தை. சித்தப்பா கேட்டது மழையை. புயலா இல்லையா என்பது சாய்கிற கதிருக்கு ஒரு பொருட்டே இல்லை. எனக்குத்தான் அது பெரிய விஷயமாக இருந்தது.

ஒரு வாரம் கழித்துச் சித்தப்பா ஊருக்குப் போனேன். சேற்றில் டயர் வைத்த அறுப்பு வண்டி இறங்காது என்று பெல்ட் மிஷினுக்காகக் காத்திருந்தார்கள். அதற்கு வாடகை அதிகம். சித்தப்பா என்னைக் குறை சொல்லவில்லை. வரப்பில் உட்கார்ந்து ஒரு கதிரை உருவி, உள்ளங்கையில் தேய்த்து ஊதினார். முளை விட்ட நெல்லை என் கையில் போட்டு, "அடுத்த தடவை எங்க சுத்துதுன்னு பாக்காத, எங்க பெய்யும்னு பாரு" என்றார்.